கோப்பின் முகமும் அகமும்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் பழமொழி. கணினிக் கோப்புகளுக்கு இது பொருந்துவதில்லை. ஒரு கோப்புறையைத் திறந்தால் நம் கண்ணில் படுவது ஒரு சிறிய சின்னமும் அதன் கீழே ஒரு பெயரும்தான். அந்தப் பெயரும் பல வேளைகளில் நமக்கு உதவுவதில்லை. 'இடுபணி', 'இடுபணி புதியது', 'இடுபணி இறுதி', 'இடுபணி இறுதி 2' என நான்கு கோப்புகள் அணிவகுத்து நின்றால், விரிவுரையாளரிடம் ஒப்படைக்க வேண்டியது எது? நம்மில் பலர் நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். உண்மையில் ஒன்றைக்கூடத் திறக்காமலே விடை காண முடியும். ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் கணினிக்குப் பெயரைத் தவிர இன்னும் எவ்வளவோ தெரியும். நாம் கேட்பதில்லை, அதனால் அது சொல்வதுமில்லை.

எப்படிக் கேட்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது கணினித் துறை மாணவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. நம்மைப் போன்ற மாணவர் கழகங்களுக்கு இது மிகவும் தேவை. செயலவை ஆண்டுதோறும் மாறுகிறது. பழைய செயலவை புதிய செயலவையிடம் கணக்குப் புத்தகத்தையும் முத்திரையையும் ஒப்படைக்கும்போது கூடவே ஒரு வன்தட்டையும் ஒப்படைக்கிறது. பொங்கல் விழாப் படங்கள், பட்டிமன்ற ஒலிப்பதிவுகள், ஆண்டு மலரின் மூலப்படிகள், கூட்டக் குறிப்புகள் அனைத்தும் அதற்குள்ளேதான். அவை எந்த ஆண்டைச் சேர்ந்தவை, யார் எழுதியவை என்பது தெரியாமல் போனால் கழகத்தின் வரலாறே பெயர் தெரியாத முகங்களின் குவியலாகிவிடும். எங்கள் கழகத்தின் அப்படிப்பட்ட வன்தட்டு ஒன்றை ஒழுங்குபடுத்தும் பணி என்னிடம் வந்தபோது எனக்குக் கைகொடுத்தவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு குறிப்பு. நம்மில் பெரும்பாலோர் விண்டோஸை ஆங்கிலத்தில்தான் பயன்படுத்துகிறோம். ஆகவே திரையில் தோன்றும் ஆங்கிலப் பெயர்களை ஒலிபெயர்த்து மேற்கோள் குறிக்குள் தருகிறேன்.

நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்தல்

கோப்புகளைப் பெரிய சின்னங்களாகக் காட்டும் தோற்றத்தில் விவரங்களுக்கு இடமில்லை. முதலில் 'வியூ' பட்டியலுக்குச் சென்று 'டீடெயில்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விசைப்பலகையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினாலும் போதும். இப்போது கோப்புகள் ஓர் அட்டவணையாக மாறும். மேலே ஒரு தலைப்பு வரி. அதில் 'நேம்', 'டேட் மாடிஃபைட்', 'டைப்', 'சைஸ்' எனச் சில தலைப்புகள். அதாவது பெயர், மாற்றிய தேதி, வகை, அளவு. ஒவ்வொரு தலைப்பின் கீழும் மேலிருந்து கீழாக ஓடும் வரிசையைத்தான் இக்கட்டுரையில் நெடுவரிசை என்கிறேன்.

1995இல் வெளிவந்த விண்டோஸ் 95இல் இத்தகைய நான்கு நெடுவரிசைகள்தாம் இருந்தன. விண்டோஸ் 2000 வந்தபோது எவை தோன்ற வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யும் வசதி கிடைத்தது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா அந்தப் பட்டியலை மிகவும் நீளமாக்கியது. ஆனாலும் இன்றுவரை பலர் கணினி முதலில் காட்டிய நான்கோடு நின்றுவிடுகிறார்கள்.

மாற்றும் முறை எளியது. தலைப்பு வரியின் மீது சுட்டியை வைத்து வலப்பொத்தானைச் சொடுக்குங்கள். ஒரு சிறு பட்டியல் விரியும். வேண்டியதற்குக் குறியிட்டால் அந்த நெடுவரிசை தோன்றும். குறியை நீக்கினால் மறையும். பெயருக்கான நெடுவரிசையை மட்டும் மறைக்க இயலாது. நீங்கள் தேடுவது அச்சிறு பட்டியலில் இல்லையென்றால் அதன் அடியில் உள்ள 'மோர்' என்பதைச் சொடுக்குங்கள். நூற்றுக்கணக்கான விவரங்களைக் கொண்ட முழுப் பட்டியல் திறக்கும். அங்கேயே 'மூவ் அப்', 'மூவ் டவுன்' பொத்தான்களைக் கொண்டு எது முன்னே, எது பின்னே என்பதையும் வரிசைப்படுத்தலாம். தலைப்பைச் சுட்டியால் பிடித்து இழுத்தும் இடம் மாற்றலாம். பெயர் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், இரண்டு தலைப்புகளுக்கும் இடையிலுள்ள கோட்டை இருமுறை சொடுக்குங்கள். நெடுவரிசை தானே விரிந்து கொடுக்கும்.

தலைப்பை ஒருமுறை சொடுக்கினால் கோப்புகள் அந்த விவரத்தின்படி அடுக்கப்படும். மறுமுறை சொடுக்கினால் அடுக்கு தலைகீழாகும். எனவே நெடுவரிசை வெறும் அலங்காரம் அன்று. அது நாம் கேட்கும் ஒரு கேள்வி. எது புதியது, எது பெரியது, எது யாருடையது என்று கேட்கத் தெரிந்தவருக்கு ஆயிரம் கோப்புகளும் ஒரு நொடியில் வரிசையில் நிற்கும். ஆனால் பத்துப் பதினைந்து நெடுவரிசைகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் திரை சந்தைக்கடை போலாகிவிடும். படங்களுக்கு வேறு, ஆவணங்களுக்கு வேறு, ஒலிப்பதிவுகளுக்கு வேறு என மூன்று நான்கு நெடுவரிசைகளே போதும்.

ஒரு கோப்புறையில் செய்த அமைப்பு அதே வகைக் கோப்புறைகள் எல்லாவற்றுக்கும் வேண்டுமானால், 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' சாளரத்தில் 'வியூ' பகுதிக்குச் சென்று 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். 'அதே வகை' என்பதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் ஒவ்வொரு கோப்புறையையும் பொது, ஆவணம், படம், இசை, காணொளி என ஒரு வகைக்குள் அடக்கி வைத்திருக்கிறது. ஆவணக் கோப்புறையைப் படக் கோப்புறை என்று அது எண்ணிக்கொண்டால் பொருந்தாத நெடுவரிசைகள் தோன்றும். அப்போது கோப்புறையின் 'ப்ராப்பர்டீஸ்' சென்று, 'கஸ்டமைஸ்' பகுதியில் சரியான வகையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஆப்பிள் கணினி வைத்திருப்போர் 'ஃபைண்டர்' சாளரத்தைப் பட்டியல் தோற்றத்துக்கு மாற்றிய பின் கமாண்ட் விசையையும் ஜே விசையையும் சேர்த்து அழுத்துங்கள். நெடுவரிசைப் பட்டியல் திறக்கும். அங்கே கூடுதலாக ஒரு நன்மை உண்டு. கோப்புறைகளின் மொத்த அளவையும் கணக்கிட்டுக் காட்டச் சொல்லலாம். விண்டோஸின் அளவு நெடுவரிசையில் கோப்புறைகளுக்கு நேரே வெறுமைதான் இருக்கும்.

தேதிகளில் எது மெய்?

பலரும் தடுமாறும் இடம் தேதி. பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட தேதிகள் இருக்கின்றன. அவை ஒன்றல்ல.

'டேட் கிரியேட்டட்' என்றால் உருவாக்கிய தேதி. கோப்பு முதன்முதலில் பிறந்த நாளை இது காட்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒரு கோப்பை வன்தட்டிலிருந்து பென்டிரைவுக்கு நகலெடுத்தால், பென்டிரைவில் இருக்கும் நகலுக்கு நகலெடுத்த நேரமே உருவாக்கிய தேதியாகிவிடும். கணினியைப் பொறுத்தவரை அந்தத் தட்டில் அக்கோப்பு பிறந்தது அன்றுதானே! எங்கள் வன்தட்டில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுப் படங்களுக்கு ஒரே நாள்தான் உருவாக்கிய தேதியாக இருந்தது. யாரோ ஒரு பொறுப்பாளர் பழைய தட்டிலிருந்து புதிய தட்டுக்கு அனைத்தையும் மாற்றிய நாள் அது.

'டேட் மாடிஃபைட்' என்றால் உள்ளடக்கம் கடைசியாக மாறிய தேதி. சாதாரணமாக நகலெடுக்கும்போது இது மாறுவதில்லை. அதனால் ஒரு விந்தையைக் காணலாம். 2006இல் மாற்றப்பட்ட கோப்பு 2015இல் உருவாக்கப்பட்டதாகக் கணினி சொல்லும். இது பிழை அன்று. 2006இல் எழுதி முடித்த கோப்பு 2015இல் இந்தத் தட்டுக்கு வந்தது என்று படித்துக்கொள்ள வேண்டும். இவ்விரு நெடுவரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கோப்பின் பயணம் நமக்குப் புரியும். ஆனால் மின்னஞ்சல் இணைப்பாக வந்ததைப் பதிவிறக்கம் செய்தால், மாற்றிய தேதியும் பொதுவாகப் பதிவிறக்கிய நேரமாகிவிடும்.

'டேட் ஆக்செஸ்ட்' என்பது கடைசியாகத் திறந்த தேதி. இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கணினியின் வேகத்தைக் காப்பதற்காக விண்டோஸ் விஸ்டா வந்தபோது இதைப் பதிவு செய்வதையே இயல்பாக நிறுத்தி வைத்தார்கள். பிந்தைய பதிப்புகளிலும் இது எப்போதும் புதுப்பிக்கப்படும் என்பதற்கு உறுதியில்லை.

படங்களுக்கு மட்டும் உரியது 'டேட் டேக்கன்'. எடுத்த தேதி என்று சொல்லலாம். இது தட்டில் எழுதப்படும் விவரம் அன்று. படம் எடுக்கும் கணத்தில் கேமராவே படக் கோப்புக்குள் எழுதிவிடும் விவரம். எக்ஸிஃப் எனப்படும் இந்த முறையை 1995இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்று வகுத்தது. எடுத்த தேதி, கேமராவின் பெயர், ஒளித்துளை அளவு போன்றவை இதில் அடங்கும். கோப்பை எத்தனை முறை நகலெடுத்தாலும் இவை மாறுவதில்லை. எங்கள் படங்களை ஆண்டுவாரியாகப் பிரித்துக் கொடுத்தது இந்த ஒரு நெடுவரிசைதான். அதனுடன் 'கேமரா மாடல்' நெடுவரிசையையும் சேர்த்தபோது, ஒரே விழாவை இருவர் எடுத்த படங்களும் தனித்தனியே பிரிந்து நின்றன.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. கேமராவின் கடிகாரம் தவறாக இருந்தால் அந்தத் தவறும் அப்படியே பதிவாகும். தமிழ்நாட்டுக்குக் கல்விச் சுற்றுலா செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் நேரம் சென்னையைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். கேமராவை நாம்தான் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், மெரினாவில் மாலை 6 மணிக்குக் கேமராவில் எடுத்த படம் இரவு 8.30 என்று பதிவாகும். இரண்டு கருவிகளின் படங்களையும் சேர்த்து அடுக்கினால் பயணத்தின் வரிசையே குலைந்துவிடும்.

எழுதியவர் யார்?

ஆவணக் கோப்புறையில் 'ஆதர்ஸ்', 'பேஜஸ்', 'டேட் லாஸ்ட் சேவ்ட்' ஆகிய மூன்றையும் திறந்து பாருங்கள். எழுதியவர், பக்க எண்ணிக்கை, கடைசியாகச் சேமித்த தேதி. இவை வேர்டு மென்பொருள் கோப்புக்குள்ளேயே எழுதி வைப்பவை. ஆகவே மின்னஞ்சலில் போய்த் திரும்பினாலும் அழிவதில்லை. முதலில் சொன்ன நான்கு 'இடுபணி' கோப்புகளில் எது கடைசியானது, எதில் இரண்டு பக்கம் குறைகிறது என்பதெல்லாம் இப்போது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

எழுதியவர் என்ற விவரத்தை மட்டும் சற்று விழிப்புடன் படிக்க வேண்டும். கட்டுரையை யார் சிந்தித்து எழுதினார் என்று கணினிக்குத் தெரியாது. அந்த வேர்டு மென்பொருளில் எந்தப் பெயர் பதிவாகியிருந்ததோ அதையே அது எழுதும். அண்ணனின் கணினியில் தட்டச்சு செய்தால் அண்ணன் பெயர்தான் இருக்கும். மூத்த மாணவரின் பழைய இடுபணியைத் திறந்து, எழுத்துகளை அழித்துவிட்டு, அட்டைப் பக்க வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதினாலும் அவர் பெயர் உள்ளேயே தங்கிவிடும். நேர்மையாக உழைத்த மாணவர்மீதுகூட வீண் ஐயம் எழ இது காரணமாகலாம். ஒப்படைக்கும் முன் ஒருமுறை அந்த நெடுவரிசையைப் பார்ப்பது நல்லது.

இத்தகைய உள்விவரம் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்ற ஒருவன் பல ஆண்டுகள் பிடிபடாமல் இருந்தான். 2005 பிப்ரவரியில் அவன் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு நெகிழ்வட்டு ஒன்றை அனுப்பினான். காவல் துறையினர் அதை ஆராய்ந்தபோது, அதில் அழிக்கப்பட்டிருந்த ஒரு வேர்டு கோப்பு மீண்டது. கோப்பின் உள்விவரத்தில் ஒரு லூத்தரன் தேவாலயத்தின் பெயரும், கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் 'டென்னிஸ்' என்ற பெயரும் இருந்தன. அத்தேவாலய மன்றத்தின் தலைவரான டென்னிஸ் ரேடர் அதே மாதம் 25ஆம் நாள் கைது செய்யப்பட்டான். முப்பது ஆண்டுகள் மறைத்து வைத்த பெயரைக் கோப்பின் இரண்டு வரிகள் காட்டிக் கொடுத்துவிட்டன.

வகையும் அளவும்

'டைப்' என்னும் வகை நெடுவரிசையைப் பலர் தேவையற்றது என்று மறைத்துவிடுவார்கள். மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. 2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' என்னும் நச்சுநிரலை மூத்த முன்னாள் மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்த அந்தக் கோப்பின் பெயர் டி.எக்ஸ்.டி. என முடிவது போலத் தோன்றியது. எனவே அது வெறும் எழுத்துக் கோப்பு என்று எண்ணிப் பலரும் திறந்தார்கள். அதற்குப் பின்னால் வி.பி.எஸ். என்ற உண்மையான பின்னொட்டு இருந்தது. விண்டோஸ் பின்னொட்டுகளை இயல்பாக மறைத்து வைப்பதால் அது கண்ணில் படவில்லை. பல இலட்சக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன.

பின்னொட்டு மறைந்திருந்தாலும் வகை நெடுவரிசை உண்மையைச் சொல்லும். கட்டுரை என்று வந்த கோப்பின் வகை 'அப்ளிகேஷன்' என்றோ 'ஸ்கிரிப்ட்' என்றோ இருந்தால் தொடவே வேண்டாம். விண்டோஸ் 11இல் 'வியூ', பிறகு 'ஷோ' என்று சென்றால் பின்னொட்டுகளைக் காட்டும் தெரிவு இருக்கிறது. அதற்கும் குறியிட்டு வையுங்கள்.

ஒலிப்பதிவுகளுக்கு 'லெங்த்' எனப்படும் நீளமும் அளவும் போதும். பட்டிமன்றப் பதிவு ஒன்றின் நீளம் 4 நிமிடம் என்று காட்டினால் அது பாதியில் நின்றுபோன பதிவு என்று கேட்காமலே அறியலாம். அளவு பூச்சியமாக இருந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. வன்தட்டை ஒப்படைக்கும் நாளில் இந்த இரண்டையும் ஒரு பார்வை பார்த்தால், காணாமல் போனதைத் தேட இன்னும் வாய்ப்பு இருக்கும்போதே தேடலாம்.

எது கூடவே வரும்?

இதுவரை சொன்னவற்றை மூன்று பிரிவுகளாகத் தொகுத்துக்கொள்ளலாம். முதலாவது, தட்டு வைத்திருக்கும் விவரங்கள். உருவாக்கிய தேதி, மாற்றிய தேதி போன்றவை. தட்டு மாறும்போது இவை மாறக்கூடும். இரண்டாவது, கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரங்கள். எடுத்த தேதி, எழுதியவர் போன்றவை. கோப்பு எங்குச் சென்றாலும் இவை பெரும்பாலும் கூடவே செல்லும். மூன்றாவது, பெயர்.

இரண்டாவது பிரிவில் 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் உண்டு. வாட்ஸ்அப் எனும் புலனத்தில் வழக்கமான முறையில் படம் அனுப்பினால், அது படத்தைச் சுருக்குவதோடு எக்ஸிஃப் விவரங்களையும் நீக்கிவிடுகிறது. எங்கள் வன்தட்டில் பழைய கேமராப் படங்களுக்கெல்லாம் எடுத்த தேதி இருந்தது. அண்மைய ஆண்டுகளில் புலனக் குழுவிலிருந்து சேமித்த படங்களுக்கு நேரே அந்த நெடுவரிசை வெறுமையாகக் கிடந்தது. பழைய படங்களின் வரலாறு தப்பிவிட்டது; புதிய படங்களின் வரலாறுதான் தொலைந்துகொண்டிருக்கிறது! கழகத்தின் பாதுகாப்புக்காக அனுப்பும் படங்களை 'டாக்குமென்ட்' முறையில் அனுப்பினால் மூலக் கோப்பு விவரங்களோடு வந்து சேரும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்கூட இருக்கலாம். விடுதியிலோ வீட்டிலோ எடுத்த படத்தை மூலக் கோப்பாகவே பிறருக்குக் கொடுத்தால், நம் இருப்பிடத்தையும் சேர்த்தே கொடுக்கிறோம். வெளியாருக்குக் கொடுக்கும் முன் கோப்பின் 'ப்ராப்பர்டீஸ்' சாளரத்தில் 'டீடெயில்ஸ்' பகுதிக்குச் சென்று, அடியில் உள்ள 'ரிமூவ் ப்ராப்பர்டீஸ் அண்ட் பெர்சனல் இன்ஃபர்மேஷன்' என்பதைச் சொடுக்குங்கள். விவரங்கள் நீக்கப்பட்ட ஒரு நகலை அது தயாரித்துத் தரும். விவரம் உள்ள மூலம் கழகத்துக்கு. விவரம் நீங்கிய நகல் வெளியாருக்கு. இதை வழக்கமாக்கிக்கொண்டால் கழகத்தின் வரலாறும் காக்கப்படும், உறுப்பினரின் பாதுகாப்பும் காக்கப்படும்.

எஞ்சியிருப்பது பெயர். தட்டு மாறினாலும், மின்னஞ்சலில் போனாலும், கணினியே மாறினாலும் உடன் வர வாய்ப்பு மிக்க விவரம் அதுதான். அதனால்தான் விண்டோஸ் பெயர் நெடுவரிசையை மட்டும் மறைக்க விடுவதில்லை போலும். எடுத்த தேதியைக் கண்டறிந்த கையோடு அதைப் பெயரிலும் எழுதிவிடுங்கள். '2024-01-20 பொங்கல் விழா கோலப்போட்டி' என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால், பெயரின்படி அடுக்கினாலும் அவை கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் எல்லா ஆண்டுகளின் முதல் தேதிகளும் ஓரிடத்தில் கூடிவிடும்.

நண்பர்களே, இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது புதிய செயலவை பொறுப்பேற்க ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். வன்தட்டைக் கைமாற்றும் முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். படக் கோப்புறையில் எடுத்த தேதியையும், ஆவணக் கோப்புறையில் எழுதியவரையும், ஒலிக் கோப்புறையில் நீளத்தையும் திறந்து வையுங்கள். வெறுமையாகத் தெரியும் இடங்களில் நிரப்ப வேண்டியதை, அது தெரிந்தவர்கள் இன்னும் வளாகத்தில் இருக்கும்போதே கேட்டு நிரப்புங்கள். அவர்கள் பட்டம் பெற்றுச் சென்ற பிறகு எந்த நெடுவரிசையும் அதைச் சொல்லாது.